திருப்பி வைத்த கிளாம்ப்

"ஏழாம் நம்பர் செட்டுல ஒரு கிளாம்ப் லேசா ஆடுச்சு டீச்சர். நீ கை வச்சுப் பாப்பியே, அதான் விட்டுட்டேன்" என்றாள் முக்காலி, டிபன் பாக்ஸின் மூடியை முழங்கையால் அழுத்தி மூடிக்கொண்டே.

வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவளைப் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் நீள பெஞ்ச், அதன் இரண்டு முனைகளில் நாங்கள். கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. ஏழாம் நம்பர் செட்டை நான் காலையிலேயே அடுக்கி, உறையிட்டு, நீராவிப் பெட்டியில் ஏற்றி, பன்னிரண்டு மணிக்கு லிப்டில் மேலே அனுப்பியிருந்தேன். சீட்டில் நேரம் இரண்டு என்று போட்டிருந்தது. வயிற்றுக்குள் பெரிய இரத்தக் குழாயைக் கிளாம்பால் கவ்விப் பிடித்துச் செய்யும் அறுவை சிகிச்சை.

"எந்தக் கிளாம்ப்?"

"பெருசு. எட்டுல ஒண்ணு. எதுன்னு கேட்டா எப்படிச் சொல்றது, எட்டும் ஒரே மூஞ்சி."

"நிச்சயமா ஆடுச்சா?"

"ஆடின மாதிரிதான் இருந்துச்சு. கையில ரெண்டு கையுறை, மேல வெந்நீர். ஆனா ஆடுச்சு."

"திருப்பி வச்சிருக்கலாமே."

அவள் சிரித்தாள். "வச்சா மறுபடி கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவாங்க. ஏற்கனவே ரெண்டு போட்டாச்சு. நான் என்ன சினிமா நடிகையா, வரவங்க போறவங்களுக்கெல்லாம் கையெழுத்து போட்டுட்டே இருக்க?"

டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. நான் கை வைத்துப் பார்த்திருப்பேன் என்று அவள் நம்பினாள். எட்டு கிளாம்புகளில் ஒன்றைக்கூட நான் திறந்து மூடிப் பார்க்கவில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பிரிவு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்தரி, இடுக்கி, கிளாம்ப் எல்லாம் இரத்தத்தோடு ஒரு லிப்டில் கீழே வரும். நடுவே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். அங்கே முக்காலி ஒவ்வொன்றையும் கையால் தேய்த்து, கம்பியில் கோத்து, சுவருக்குள்ளேயே பதித்திருக்கும் கழுவும் இயந்திரத்தில் தள்ளுவாள். இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். இயந்திரத்தின் மறு கதவைத் திறந்து நான் எடுப்பேன். சரிபார்ப்பேன், செட்டாக அடுக்குவேன், உறையிடுவேன். சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு, திறக்க முடியாதது. அவள் உயரத்துக்கு அது எட்டாது. மூன்று கால் ஸ்டூல் ஒன்றைப் போட்டு ஏறி நின்றுதான் என்னைப் பார்ப்பாள். அதனால்தான் முக்காலி. நான் எதையும் இரண்டு முறை பார்ப்பேன், எல்லோர் தப்பையும் சொல்வேன் என்பதால் டீச்சர். எட்டு வருஷமாக நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கண்ணாடி வழியே கத்தினால் கேட்காது. இயந்திரங்களின் இரைச்சல் அப்படி. எனவே வந்த முதல் மாதத்திலேயே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பியில் கோக்கும்போது எல்லாக் கிளாம்புகளின் மூக்கும் ஒரே பக்கம் பார்க்கும். தேய்க்கும்போது எதிலாவது சந்தேகம் வந்தால் அதை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிக் கோத்துவிடுவாள். இயந்திரத்துக்குள் போய்ச் சுற்றி வந்தாலும் அது திரும்பியபடியே என் கைக்கு வரும். பள்ளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் ஒன்று மட்டும் பின்னால் திரும்பிப் பேசுவதைப்போல இருக்கும். நான் அதை எடுத்து, பத்து முறை திறந்து மூடி, கீலைக் காதருகே வைத்துக் கேட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருக்கும்; மேலே ஆபரேஷன் தியேட்டர் வரை முக்காலியின் பெயர் எட்டியிருந்தது. எட்டு வருஷத்தில் நான் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று ஆனது மூன்றோ நான்கோ முறை. யாரும் எங்களை இப்படிச் செய்யச் சொன்னதில்லை. எந்தக் காகிதத்திலும் இது இல்லை. காகிதத்தில் இல்லாததால் அது ஒரு வேலை என்றே நாங்கள் நினைக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் என் மேஜைக்கு மேலே கேமரா வந்தது. ஒவ்வொரு கருவியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு புள்ளிக் குறி பொறித்தார்கள். கம்பியை மேஜையில் வைத்த நொடியில், நான் தொடும் முன்பே, கேமரா படம் எடுத்துவிடும். எண்ணிக்கை சரியா, கறை இருக்கிறதா, எல்லாம் பார்த்து விளிம்பில் பச்சை காட்டும். நல்ல இயந்திரம்தான், குறை சொல்ல மாட்டேன். என் கண் தவறவிட்ட துரும்புக் கறையை அது இரண்டு முறை பிடித்திருக்கிறது. ஆனால் திரும்பியிருக்கும் கிளாம்பின் குறி அதற்குத் தெரியாது. உடனே மஞ்சள் காட்டும். நான் அதைத் திருப்பி, கையால் உறுதிசெய்து, காரணம் தட்டி, பிறகுதான் அடுத்தது. சுவரில் தொங்கும் பெரிய திரையில் ஒவ்வொரு மேஜைக்கும் எத்தனை பச்சை, எத்தனை மஞ்சள் என்று நாள் முழுக்க ஓடும். காலை வேலைக்கும் மாலை வேலைக்குமாக ஆறு பேர் இருந்தோம். முக்காலி தள்ளும் கம்பிகள் என் மேஜைக்குத்தான் வரும், அதனால் என் மேஜைதான் அதிக மஞ்சள்.

அப்போதே பேச்சு எழுந்துவிட்டது. ஆறு பேர் தேவையில்லை, ஐந்து போதும், ஒருவர் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சலவைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று. அங்கே வேலை காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "உன்னை அங்க அனுப்பினா நல்லதுதான், நம்ம வீட்டு மூட்டையையும் கையோட எடுத்துட்டுப் போயிடு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் காலை மகளுக்குத் தலை பின்னும்போது கை ஒரு நிமிடம் நின்றுவிட்டது. அவளுக்குப் பதின்மூன்று வயது. மற்ற நேரங்களில் கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில். பின்னலின்போது மட்டும், முதுகை என் பக்கம் காட்டிக்கொண்டு, முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், எல்லாவற்றையும் சொல்வாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஐந்து மணி வேலைக்குப் போனால் அது போய்விடும்.

ஆகவே, இரண்டு மாதத்துக்கு முன் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "பாருங்கம்மா, உங்க மேஜையில மட்டும் ஏன் இவ்வளவு மஞ்சள்?" என்று கேட்டபோது நான் சொன்னேன்: "வாஷிங் பக்கத்துல சிலதைத் திருப்பி வச்சு அனுப்பறாங்க சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஏன் திருப்பி வைக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. அது எங்கள் இருவருக்குமான பேச்சு என்று சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்ததாகக்கூட ஞாபகம். அதற்குள் அவர் குறித்துக்கொண்டுவிட்டார். அன்று மாலையே அழுக்குப் பக்கச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது, எல்லாக் கருவிகளும் ஒரே திசையில் என்று. முக்காலி கூப்பிடப்பட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரம் கழித்துப் பழக்க தோஷத்தில் மறுபடி ஒன்றைத் திருப்பிவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போட்டாள். ஸ்டூலில் ஏறி நின்று, முகக்கவசத்தை இறக்கி, கண்ணாடி வழியே என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நானும் பிதுக்கினேன். அன்றிலிருந்து என் மேஜையில் பச்சை மட்டும்தான்.

பச்சை எவ்வளவு இதமானது என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. முதலில் சில நாள் எல்லாவற்றையும் கையால் திறந்து பார்த்தேன். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு பச்சை வந்ததும் விரல்கள் தாமாகவே உறைத் துணியைத் தேடின. இன்று காலை ஏழாம் நம்பர் செட்டை அடுக்கியபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை. வரிசையில் எதுவும் திரும்பியிருக்கவில்லை. திரும்பாததால் முக்காலிக்குச் சந்தேகம் இல்லை என்று என் மனதின் ஏதோ ஒரு மூலை எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் கையை நானே கட்டிப்போட்டுவிட்டு, அந்தக் கை அசையவில்லை, அதனால் ஆபத்தில்லை என்று இருந்திருக்கிறேன்.

மணி ஒன்று பதினெட்டு.

கை கழுவும் இடத்தில் நின்று குழாயைத் திறந்தேன், மூடினேன். கீல் தளர்ந்த கிளாம்ப் கவ்வும். நன்றாகவே கவ்வும். ஒரு மணி நேரம் கவ்விக்கொண்டிருந்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் நழுவும். நழுவினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம். செட்டைத் திரும்ப வரவழைக்க வேண்டும். இது ஒரு பக்கம் தெளிவாக இருந்தது. மறு பக்கத்தில் வேறொன்று புழுவாக நெளிந்தது. சொல்லவே கூசுகிறது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ? சாரிடம் சொன்னது நான்தான் என்று தெரிந்து, இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, சலவைக்கு யார் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை போகிற இந்த வாரத்தில், ஆடாத ஒன்றை ஆடியது என்று சொல்கிறாளோ? நான் செட்டை வரவழைத்து, அறுவை சிகிச்சை தாமதமாகி, பிரித்துப் பார்க்கும்போது எட்டும் ஆடாமல் கல்லாக இருந்தால், சலவைக்குப் போவது நான். அவள் போகிற போக்கில் தோளைத் தட்டியது ஏன்? எட்டு வருஷத்தில் எத்தனை முறை தட்டியிருக்கிறாள்? நினைவில் தேடினேன். பல முறை தட்டியிருக்கிறாள். ஆனால் இன்று தட்டியது வேறு மாதிரி இருந்ததாகவும் தோன்றியது. பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு கணக்கைப் போடக்கூடியவள் அவளா நானா என்று கேட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டிருப்பது நான்தான்.

மேற்பார்வையாளர் அவருடைய சின்ன அறையில் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து வைத்துவிட்டார்.

"ஏழாம் நம்பர் செட்டைத் திரும்ப வாங்கணும் சார்."

திரையைத் திருப்பிப் பார்த்தார். "பச்சைதானே வந்திருக்கு?"

"பச்சைதான். ஒரு கிளாம்ப் ஆடுதோன்னு சந்தேகம்."

"யாருக்குச் சந்தேகம்?"

இதற்குத்தான் நான் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தேன். முக்காலிக்கு என்றால், சந்தேகம் இருந்தும் அனுப்பினாள் என்று ஆகும். மூன்றாவது கையெழுத்தோடு நிற்காது, அவள் வேலையே போகும்.

"எனக்கு."

"உங்களுக்குன்னா அப்பவே நிறுத்தியிருப்பீங்களே. அனுப்பி ஒன்றரை மணி நேரம் கழிச்சு என்ன புதுசா?"

"இப்பதான் தோணுது சார்."

அவர் என்னையே பார்த்தார். கெட்டவர் இல்லை. அவரும் பத்து வருஷம் இதே மேஜையில் நின்றவர். கிளாம்ப் திறந்து மூடி வந்த காய்ப்பு வலது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. இப்போது அதை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா. கறைன்னா ஒரு கட்டம் இருக்கு. குறையுதுன்னா ஒரு கட்டம் இருக்கு. உடைஞ்சதுன்னா இருக்கு. தோணுதுங்கறதுக்கு இதுல கட்டமே இல்ல. நான் எதை அழுத்தட்டும்?"

"உடைஞ்சதுன்னு போடுங்க."

"போட்டு, வந்து பாத்து, உடையலன்னா? மேல ஒரு ஆளை மேஜையில படுக்க வச்சிருப்பாங்க. லேட்டுக்கு யார் பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது. நான் பயமுறுத்தறதுக்குச் சொல்லல. இது உங்க பேர்ல நிக்கும்."

"நிக்கட்டும் சார்."

 அவர் பெருமூச்சு விட்டு, விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். என் ஊழியர் எண்ணை நானே அடித்தேன். "தியேட்டருக்கு நீங்களே பேசுங்க. திரையில சிவப்பைப் பாத்துட்டு அவங்களா நிறுத்த பத்து நிமிஷம் ஆகும்" என்றார்.

மணி ஒன்று முப்பத்தொன்று. மேலே போன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டாவது முறை மணி அடித்தபோது எடுத்தார் தியேட்டர் சிஸ்டர். அவரை நான் இதுவரை நேரில் பார்த்தது மூன்று முறை இருக்கலாம். குரலை மட்டும் நூறு முறை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் திட்டாக.

"ஏழாம் நம்பரா? வண்டியில வச்சாச்சு. உறையைப் பிரிக்கப் போறாங்க. என்ன விஷயம்?"

"பிரிக்காதீங்க சிஸ்டர். ஒரு கிளாம்ப் கீல் ஆடுது போல."

"போலன்னா? இங்க மயக்கம் குடுக்க ஊசியைக் கையில எடுத்தாச்சு. இன்னொரு செட் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அவசரத்துக்குன்னு வச்சது. அதை எடுத்துட்டா, அடுத்து ஆம்புலன்ஸ்ல ஒரு ஆள் வந்தா உன்னோட சமையல் கத்தியைக் கொண்டு வருவியா?"

"சாயங்காலத்துக்குள்ள இதைச் சரி பண்ணி அனுப்பிடறேன்."

"மெஷின் என்ன சொல்லுது?"

"பச்சை சொல்லுது."

"பின்ன யாருதான் சொன்னா?"

மேற்பார்வையாளர் எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கைக்குள் பொத்திக்கொள்ள முடியாது. மறுமுனையில் உலோகம் உரசும் சத்தமும், யாரோ ஒருவர் "சிஸ்டர், ஆரம்பிக்கலாமா?" என்று கேட்பதும் தெளிவாகக் கேட்டது.

"முக்காலி" என்றேன்.

 "முதல்லயே அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன!" என்று குரல் சீறியது. "யாரும் அந்த உறையைத் தொடாதீங்க" என்று அங்கே யாரிடமோ சொன்னது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

 நான் யார் எண்ணை உள்ளே அடித்தேன், யார் பெயரை வெளியே சொன்னேன் என்று மேற்பார்வையாளர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். நான் கிளம்பிவிட்டேன்.

திரும்ப வரும் எதுவும் அழுக்குப் பக்கத்து லிப்டில்தான் வர வேண்டும், பிரிக்காமலே வந்தாலும். கண்ணாடி முன் நின்றேன். அந்தப் பக்கம் முக்காலி கருவிகள் நிறைந்த தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு நின்றிருந்தாள். லிப்டின் விளக்கு எரிந்ததும் தலையைத் தூக்கினாள். உறை பிரியாத செட்டைப் பார்த்ததும் அவள் தோள்கள் விறைத்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தாள். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள். நான் கையை விரித்தேன். அவளுடைய கண்கள் என் கைகளிலேயே நின்றன. நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது.  ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள், கண்ணாடியில் அவள் உச்சந்தலைத் தொப்பி மட்டும் தெரிந்தது.

அந்தப் பக்கம் போக வேண்டுமானால் வெளியே வந்து, நடைபாதையைச் சுற்றி, மறு கதவில் உடை மாற்றி, பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டி, இரண்டு கையுறை மாட்டி, ரப்பர் செருப்புப் போட வேண்டும். மறுபடி சுத்தப் பக்கம் வர வேண்டுமானால் குளிக்காத குறையாக எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் யாரும் போவதில்லை. நான் போய் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். ஏப்ரனின் முடிச்சு விழவில்லை, இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன். மணி ஒன்று ஐம்பது. மேலே இன்னொரு செட்டைப் பிரித்திருப்பார்கள். அந்த ஆள், ஆணோ பெண்ணோ, தூங்கியிருக்கலாம்.

உள்ளே வெக்கை முகத்தில் அடித்தது. இந்தப் பக்கத்தில் இவ்வளவு சூடு என்பதையே மறந்திருந்தேன். முக்காலி உறையைப் பிரித்து எட்டு கிளாம்புகளையும் ஒரு துணியில் பரப்பி வைத்திருந்தாள். எதையும் இன்னும் தொடவில்லை. என்னைப் பார்த்தும் திரும்பவில்லை.

"கை வைக்கவே இல்லையா நீ?" என்றாள்.

"இல்ல."

"ஒண்ணைக்கூடவா?"

"பச்சை வந்துச்சு."

"பச்சை வந்துச்சாம்." அவள் குரல் அந்த இரைச்சலிலும் தாழ்ந்துதான் இருந்தது. "உனக்கென்ன, பச்சை வந்தா ரோடு கிராஸ் பண்றவ மாதிரி போயிட்டே இருப்ப. நான் இங்க நின்னு, டீச்சர் பாத்துப்பா, டீச்சர் பாத்துப்பான்னு ஒவ்வொரு கம்பியா தள்ளிட்டு இருக்கேன். ரெண்டு மாசமா எத்தனை தள்ளினேன் தெரியுமா?"

நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. இன்றைய ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்கு வந்து போன சந்தேகங்கள் எல்லாம் என் மேஜையைக் கடந்து, மேலே போய், யார் யார் உடம்புக்குள்ளோ நுழைந்து, ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்திருக்கின்றன.  தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நீ திருப்பி வைக்கறேன்னு சார்கிட்ட சொன்னது நான்தான். ஏன் வைக்கறேன்னு சொல்லல."

"தெரியும்."

"எப்படி?"

"எப்படின்னா? அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நான் சொல்லல. பின்ன ஜன்னலா போய்ச் சொல்லுச்சு?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குழாயடியில் நெளிந்த அந்தப் புழு மறுபடி தலை தூக்கியது. தெரிந்துகொண்டே என்னுடன் தினமும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே இன்று அதைச் சொல்லியிருக்கிறாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்தன, அவையும் ஆவியில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால். அவற்றிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசும்போதாவது அவள் கழுத்தை வைத்து ஏதாவது புரியும்.

"நீ எப்பதான் வாயைத் திறக்கறேன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாள். "திறந்திருக்க, நல்ல நேரம் பாத்து. எனக்கு வர்ற கோபத்துக்கு உன்னையும் சேத்து இந்த மெஷின்ல போட்டு மூடணும். அப்புறம் பாத்துக்கறேன். இப்ப பாதி நீ எடு."

நான்கைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

நாங்கள் தொடங்கினோம். திறந்து, மூடி, பல்லுக்குப் பல் இறுக்கி, விடுவித்து, கீலைப் பெருவிரலால் அழுத்தி, பக்கவாட்டில் அசைத்து. கையில் ரெண்டு கையுறை என்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சொன்னது இப்போது புரிந்தது. எல்லாமே பஞ்சைத் தொடுவதுபோல் இருந்தது. என்னுடைய முதலாவது கல்லாக இருந்தது. அவளுடைய முதலாவதையும் இரண்டாவதையும் அவள் ஒரு சொல் இல்லாமல் இடது பக்கம் ஒதுக்கினாள். என்னுடைய இரண்டாவதும் கல். அவளுடைய மூன்றாவது. ஒவ்வொன்று ஒதுங்கும்போதும் வெள்ளிக்கிழமை ஓர் அடி நெருங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் மேஜையருகே, மேற்பார்வையாளர் வந்து நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்காலி தன்னுடைய நான்காவதைக் காதருகே கொண்டுபோனாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பிறகு அதையும் இடது பக்கம் வைத்தாள். "என்னோடதுல இல்ல" என்றாள். அவள் குரலில் முதல் முறையாக ஒரு பிசிறு கேட்டது. அந்தப் பிசிறைக் கேட்டதும் என்னுள் ஏதோ ஒன்று தளர்ந்தது. பயந்திருக்கிறாள். ஆடாததை ஆடியது என்று வேண்டுமென்றே சொன்னவளுக்கு இந்தப் பயம் வராது. அப்படித்தான் நினைத்தேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

என்னிடம் இன்னும் இரண்டு. ஒன்றை எடுத்தேன். திறந்தேன். முனையில் ஏதோ நடுங்கியது, முடியளவு. மூடித் திறந்தேன். மறுபடி நடுங்கியது. கீலா, என் விரலா என்று தெரியவில்லை. கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். இப்போது மணிக்கட்டு வரை ஆடியது. அந்த மெல்லிய எஃகின் ஆட்டத்தையும் என்னுடைய ஆட்டத்தையும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இயந்திரம் ஒரு சுற்று முடிந்து, பெரிய மூச்சாக ஆவியை விட்டது.

முக்காலி பக்கத்தில் வந்தாள். ஸ்டூல் இல்லாமல் என் தோளுக்குத்தான் இருந்தாள். ஈரம் சொட்டும் இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்து, தொட்டியின் விளிம்பில் அழுத்தி, அசையாமல் நிறுத்தினாள்.

"இப்ப திற" என்றாள்.